கருவி எந்த நிலையில் இருந்தது? மின்னணு அளவுக் கருவிகளில் கோப்புகளும் தொடக்க அமைப்புகளும்

ஃபங்ஷன் ஜெனரேட்டரின் திரை 100 மில்லிவோல்ட் என்று காட்டுகிறது. அதன் வெளியீட்டை நேராக ஆஸிலோஸ்கோப்பில் கொடுத்தால் 200 மில்லிவோல்ட் தெரிகிறது. மின்னணுவியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற மாணவர்கள் பெரும்பாலும் குழம்பி நிற்கும் இடம் இது. இரண்டு கருவிகளிலும் பழுது எதுவும் இல்லை. ஏஜிலென்ட் 33220ஏ போன்ற ஜெனரேட்டர்களின் தொடக்க அமைப்பு, வெளியே 50 ஓம் சுமை இணைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. கருவிக்குள்ளேயும் 50 ஓம் இருப்பதால் மின்னழுத்தம் சரிபாதியாகப் பிரியும். திரை சொல்வது அந்தப் பாதியை. ஸ்கோப்பின் உள்ளீட்டு மின்தடையோ 1 மெகா ஓம். அங்கே பிரிவினை நடப்பதில்லை, முழு மின்னழுத்தமும் வந்து சேர்கிறது. மெனுவுக்குள் போய்ச் சுமையை 'ஹை இசட்' என்று மாற்றினால் திரையும் ஸ்கோப்பும் ஒத்துப்போகும். காலையில் ஒருவர் அப்படி மாற்றி வைக்கிறார். மதியம் வேறொருவர் ரீசெட் செய்துவிட்டுப் போகிறார். மாலையில் எடுத்த அளவுகள் எல்லாம் இரு மடங்காகிவிடுகின்றன. மூவரின் குறிப்பேடுகளிலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அளவுக் கருவிகளில் கோப்புகளைக் கையாள்வதும் தொடக்க அமைப்புகளுக்குத் திரும்புவதும் கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் ஒதுக்கிவைக்கப்படுகிற விஷயங்கள். அளவீட்டின் நம்பகத்தன்மைக்கு அவைதான் அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து. அளவு எடுத்தபோது கருவி எந்த நிலையில் இருந்தது என்ற பதிவு இல்லையென்றால், எத்தனை இலக்கத் துல்லியத்தில் எண் கிடைத்தாலும் அது பாதி அளவீடுதான்.

பழைய அனலாக் ஸ்கோப்புகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. குமிழும் சுவிட்சும் எங்கே நிற்கின்றனவோ அதுவே கருவியின் நிலை. முன்பலகையைப் பார்த்தாலே போதும். மைக்ரோபிராசசர் உள்ளே வந்த பிறகு அந்த நிலை குமிழ்களை விட்டு நினைவகத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய ஸ்கோப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிற குமிழுக்கு நிலையான இடமே கிடையாது. அலைவரிசைக் கட்டுப்பாடு, சராசரி எடுக்கும் எண்ணிக்கை, ப்ரோபின் பெருக்கம், டிரிக்கரின் வடிகட்டல் எனப் பல அமைப்புகள் மெனுக்களின் மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருக்கின்றன. கண்ணால் பார்த்து நிலையை அறியும் வழி அடைபட்டபோதுதான் 'தெரிந்த ஒரு நிலைக்குத் திரும்பு' என்ற பொத்தான் அவசியமாயிற்று. எச்.பி. நிறுவனத்தின் நெட்வொர்க் அனலைசர்களிலும் ஸ்பெக்ட்ரம் அனலைசர்களிலும் அந்த ப்ரீசெட் பொத்தானுக்குப் பச்சை நிறம் கொடுத்து மற்றவற்றிலிருந்து பிரித்தே வைத்தார்கள்.

கணினி வழியாகக் கருவியை இயக்கத் தொடங்கியபோது தேவை இன்னும் கூர்மையானது. எச்.பி. உருவாக்கிய இணைப்பு முறை 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்ற தரமாயிற்று. கம்பிகளும் இணைப்பானும் ஒத்துப்போயின. அவற்றின் வழியே அனுப்பும் கட்டளைகள் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று எழுத்துக் குறியீடுகளை வைத்திருந்தது. 1987-இல் வந்த 488.2 தரம்தான் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான சில கட்டளைகளை வகுத்தது. நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஆர்.எஸ்.டி. கட்டளை கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும், எஸ்.ஏ.வி. நிலையைச் சேமிக்கும், ஆர்.சி.எல். சேமித்ததை மீட்கும், எல்.ஆர்.என். கேள்வி, தற்போதைய நிலை முழுவதையும் திருப்பி அனுப்பக்கூடிய வடிவில் தரும். 1990-இல் வந்த ஸ்கிப்பி மொழி இவற்றின் மேல் கட்டப்பட்டது.

இந்தத் தரத்தை எழுதியவர்களின் நிதானம் ஆர்.எஸ்.டி. எதைத் தொடாது என்ற பட்டியலில் தெரிகிறது. இணைப்பின் முகவரியை அது மாற்றாது. மாற்றினால் கட்டளை அனுப்பிய கணினிக்கே கருவி எட்டாமல் போய்விடும். வெளியே போகக் காத்திருக்கும் விடைகளை அழிக்காது. நிலைப் பதிவேடுகளின் அனுமதி அமைப்புகளைக் கலைக்காது. காலிப்ரேஷன் தரவை ஒருபோதும் தொடாது. பிழை வரிசையைத் துடைக்கவும் இதனால் முடியாது, அதற்கு சி.எல்.எஸ். என்ற தனிக் கட்டளை இருக்கிறது. ஆர்.எஸ்.டி. அனுப்பிய பிறகும் நேற்றைய பிழைச் செய்தி வருகிறதே என்று தேடி நேரத்தை வீணாக்குபவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

ஆனால் ஒரு குறை உண்டு. தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் தரம் சொல்கிறது. அந்த நிலையில் என்ன மதிப்புகள் இருக்க வேண்டும் என்பதைப் பெருமளவில் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. ஒரே கருவியிலேயே இரண்டு தொடக்க நிலைகள் இருப்பதும் உண்டு. கீத்லி 2000 மல்டிமீட்டரில் ஆர்.எஸ்.டி. அனுப்பினால் அது கட்டளைக்காகக் காத்து அசையாமல் நிற்கும். சிஸ்டம் ப்ரீசெட் அனுப்பினால் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும். முதலாவது நிரல் எழுதுபவருக்காக, இரண்டாவது முன்பலகையில் வேலை செய்பவருக்காக. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிய நிரல், பழைய அளவையே புதியதென்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஸ்கோப்புகளுக்கு வருவோம். டெக்ட்ரானிக்ஸ் டி.டி.எஸ். 1000, 2000 வரிசை ஸ்கோப்புகளை நம் கல்லூரி ஆய்வகங்களில் பார்த்திராத மாணவர்கள் குறைவு. அவற்றில் 'டீஃபால்ட் செட்டப்' என்று தனிப் பொத்தானே உண்டு. அதை அழுத்தினால் முதல் சேனல் மட்டும் எரியும். டிரிக்கர் முதல் சேனலில், ஏறுமுக விளிம்பில், ஆட்டோ முறையில் நிற்கும். ப்ரோப் பெருக்கம் 10 எக்ஸ் ஆகிவிடும். மொழித் தேர்வு, சேமித்த அமைப்புகள், சேமித்த ஒப்பீட்டு அலைவடிவங்கள், திரையின் ஒளி வேறுபாடு, காலிப்ரேஷன் ஆகியவை அப்படியே இருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது அந்த 10 எக்ஸ். சாதாரண பி.என்.சி. கேபிளைச் செருகிவிட்டு இந்தப் பொத்தானை அழுத்தினால் 1 வோல்ட் 10 வோல்ட்டாகத் தெரியும். வேறு சில தயாரிப்புகளில் தொடக்க மதிப்பு 1 எக்ஸ்; அங்கே 10 எக்ஸ் ப்ரோபை மாட்டினால் பத்தில் ஒரு பங்குதான் தெரியும். எது சரி என்று கேட்பதில் பயனில்லை. டீஃபால்ட் என்பது ஒரு பொறியாளர் தன் வாடிக்கையாளரை மனத்தில் வைத்து எடுத்த முடிவு. நம் மேசையில் என்ன கேபிள் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஆட்டோசெட்டையும் டீஃபால்டையும் ஒன்றாகக் கருதுவது இன்னொரு பரவலான தவறு. ஆட்டோசெட் உள்ளே வரும் சமிக்ஞையைப் பார்த்து அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும். சமிக்ஞை மாறினால் அமைப்பும் மாறும். இரண்டு பலகைகளை ஒப்பிடும்போது ஒவ்வொன்றுக்கும் ஆட்டோசெட் அழுத்துவது, ஒப்பீட்டையே குலைத்துவிடும்.

ரீசெட் என்ற ஒரே பெயரின் கீழ் குறைந்தது நான்கு வேறு வேலைகள் நடக்கின்றன. அளவீட்டு அமைப்புகளை மட்டும் திருப்புவது ஒன்று. மொழி, திரை, பயனர் விருப்பங்கள் வரை எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது இரண்டாவது. நெட்வொர்க் அமைப்பை மட்டும் திருப்புவது மூன்றாவது; அளவுக் கருவிகளை நெட்வொர்க்கில் இணைப்பதற்காக 2005-இல் வெளியான எல்.எக்ஸ்.ஐ. தரம் இதற்கென்று தனி வழியைக் கட்டாயமாக்கியது, ஐ.பி. முகவரியோ கடவுச்சொல்லோ மறந்துபோனால் கருவியை மீண்டும் எட்டுவதற்காக. நான்காவது, நினைவகத்தையே துடைத்தழிப்பது. மெனுவில் இவை அடுத்தடுத்து நிற்கும். விளைவுகளோ ஒன்றுக்கொன்று வெகுதூரம். திரையில் ஒரு கோடு வரவில்லை என்பதற்காக நான்காவதை அழுத்தி, சக ஊழியர்கள் சேமித்துவைத்த எல்லா அமைப்புகளையும் இழக்க வைப்பது எளிதில் நடக்கக்கூடியது.

ரீசெட் என்றாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் முழுக்க உண்மையல்ல. நிரல்வழி இயக்கும் பவர் சப்ளைகளில் ஆர்.எஸ்.டி. வெளியீட்டை அணைத்துவிடும், அது நல்லது. ஆனால் பலவற்றில் அதே கட்டளை, மிகை மின்னழுத்தப் பாதுகாப்பின் எல்லையை உச்ச அளவுக்குக் கொண்டுபோய்விடும். 3.3 வோல்ட் பலகையைக் காக்க 3.6 வோல்ட்டில் வைத்திருந்த காவல் அங்கே நீங்கிவிடுகிறது. அடுத்து வருபவர் வோல்ட்டேஜை மட்டும் அமைத்து வெளியீட்டை இயக்கினால், விரல் தவறியதும் பலகை போகும். சேமித்த அமைப்பை மீட்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மூன்றாம் எண்ணில் யாரோ 12 வோல்ட் அமைப்பைச் சேமித்திருக்கலாம். வெளியீடு இயங்கும் நிலையையும் சேர்த்துச் சேமிக்கும் கருவிகளும் உண்டு. மீட்பதற்கு முன் கம்பியைக் கழற்றுங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது கருவி எப்படி எழ வேண்டும் என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியதே. எச்.பி. 34401ஏ மல்டிமீட்டர் எப்போதும் தன் தொடக்க நிலையில்தான் எழும். 33220ஏ ஜெனரேட்டரில் இரண்டு தேர்வுகள்: தொடக்க நிலை, அல்லது அணைந்தபோது இருந்த நிலை. அதன் பூஜ்ஜியம் எண் இடத்தில் அணைந்த நேரத்து நிலை தானாகவே பதிவாகிறது; 1 முதல் 4 வரையிலான இடங்களே பயனருக்கு. பூஜ்ஜியத்தில் சேமித்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவரின் அமைப்பு, அடுத்த முறை கருவி அணைந்ததும் மறைந்துவிடும். நாள்கணக்கில் ஓடும் சோதனைகளில் என் பரிந்துரை தெளிவானது: கருவிகள் தொடக்க நிலையில் எழட்டும், நிரல் அதைக் கண்டறிந்து நிற்கட்டும். கடைசி நிலையில் எழும் கருவி, நடுவே மின்சாரம் போனதையே மறைத்துவிடுகிறது.

கோப்பு வகையைப் புரிந்துகொள்வதன் முக்கியத்துவம் நெட்வொர்க் அனலைசரில்தான் உச்சத்துக்குப் போகிறது. மைக்ரோவேவ் அதிர்வெண்களில் அளப்பதற்கு முன், கேபிளும் இணைப்பானும் சேர்க்கும் பிழைகளைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்; அந்தக் காலிப்ரேஷனுக்குப் பொறுமையான உழைப்பு தேவை. கீசைட்டின் பி.என்.ஏ. அனலைசரில் நிலையைச் சேமிக்கும்போது சி.எஸ்.ஏ., சி.எஸ்.டி., எஸ்.டி.ஏ. என்று சில கோப்பு வகைகள் வரும். சி.எஸ்.ஏ. கோப்பில் அமைப்பும் காலிப்ரேஷன் தரவும் இரண்டும் அடங்கும். எஸ்.டி.ஏ. கோப்பில் அமைப்பு மட்டும். சி.எஸ்.டி. கோப்பிலோ அமைப்பும், காலிப்ரேஷன் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியும் மட்டுமே. அந்தச் சுட்டி காட்டும் காலிப்ரேஷனை வேறொருவர் மறுநாள் புதுப்பித்தால், உங்கள் கோப்பு அவருடைய கேபிளுக்கான திருத்தத்தை உங்கள் அளவுக்குப் பூசும். எந்த எச்சரிக்கையும் வராது. கோப்பை வேறு அனலைசருக்கு எடுத்துப் போனாலோ அந்தச் சுட்டிக்கு அங்கே பொருளே இல்லை.

முழுக் கோப்பாகச் சேமித்தாலும் இன்னொரு எல்லை இருக்கிறது. கோப்பு எண்களைக் காக்கும், சூழலைக் காக்காது. போன மாதம் செய்த காலிப்ரேஷனை இன்று மீட்டால், திருத்தம் இயங்குகிறது என்று திரை உறுதியாகச் சொல்லும். இடையில் அறையின் வெப்பநிலை மாறியிருக்கலாம். கேபிள் வேறு விதமாக வளைந்திருக்கலாம். இணைப்பானை யாராவது அளவுக்கு மேல் முறுக்கியிருக்கலாம். மீட்ட பிறகு, முன்பே அறிந்த ஒரு பாகத்தை அளந்து பார்க்காமல் அந்தத் திருத்தத்தை நம்பக் கூடாது.

தரவுக் கோப்புகளிலும் இதே பாடம் வேறு உருவில் வருகிறது. பெரும்பாலானோர் சேமிப்பது திரையின் படத்தை. அறிக்கையில் ஒட்டுவதற்கு அது போதும். மறுபடி கணக்கிட உதவாது. சி.எஸ்.வி. எல்லா மென்பொருளிலும் திறக்கும் என்பதால் விரும்பப்படுகிறது. ஆனால் 8 பிட் ஸ்கோப்பில் எடுத்த 1 கோடி புள்ளிகள் பைனரியில் ஏறக்குறைய 10 மெகாபைட். ஒரு வரிக்கு 20 எழுத்து என்று கொண்டால் சி.எஸ்.வி.யில் 200 மெகாபைட். எக்செலில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிகள்தான். அதற்கு மேற்பட்டவை தாளில் ஏறாது. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடும் ஜெர்மானிய அமைப்பில் எழுதிய கோப்பு, இங்கே நெடுவரிசைகளைச் சிதறடிக்கும்.

நெட்வொர்க் அனலைசரின் டச்ஸ்டோன் கோப்பு தனியாகச் சொல்லத் தக்கது. அதன் மேல் வரியில் அதிர்வெண்ணின் அலகு, எண்கள் அளவும் கோணமுமா, மெய்யும் கற்பனையுமா, ஒப்பீட்டு மின்தடை எவ்வளவு என்ற விவரங்கள் இருக்கும். அந்த வரியில் இவை விடுபட்டிருந்தால் கிகா ஹெர்ட்ஸ், அளவும் கோணமும், 50 ஓம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கோப்புக்குள்ளேயே ஒரு டீஃபால்ட்! இரண்டு முனைக் கோப்பில் எஸ்11-க்கு அடுத்து எஸ்21, பிறகுதான் எஸ்12 வரும் என்பதை அறியாமல் பெருக்கியின் முன், பின் திசைகளை மாற்றிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அமைப்பு விவரத்தைத் தரவோடு ஒரே கோப்பில் சுமக்கும் இந்த எளிய உரைவடிவம் 1980-களில் பிறந்து இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

கோப்பை வெளியே எடுத்துச் செல்லும் ஊடகமும் காலத்தோடு மாறிவந்திருக்கிறது. எச்.பி. 8753டி போன்ற அனலைசர்களில் ஃபிளாப்பி. அதிலும் டாஸ் வடிவம் ஒன்று, எச்.பி.யின் சொந்த லிஃப் வடிவம் ஒன்று. லிஃப் வடிவில் எழுதிய தட்டைச் சாதாரணக் கணினி படிக்காது. பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து என்ற டாஸ் கட்டுப்பாட்டில் பிறந்த பெயர்களின் பொருள், வைத்தவருக்கே ஓராண்டில் மறந்துவிடும். பிறகு பென் டிரைவ் வந்தது. பல கருவிகள் ஃபேட்32 வடிவத்தை மட்டுமே ஏற்கும். கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே பொய்யான தேதி விழும். எது முதல் சோதனை, எது மறுசோதனை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கடிகாரத்தைச் சரிசெய்வது கோப்பு நிர்வாகத்தின் முதல் வேலை.

விண்டோஸில் ஓடும் ஸ்கோப்புகள் வந்தபோது கோப்பு நிர்வாகம் எளிதாயிற்று. கணினியின் நோய்களும் கூடவே வந்தன. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் முடிந்தன. கருவியின் ஆயுளோ அதைவிட நீளம். பென் டிரைவ் வழியே பரவும் நிரல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்பு வரை போக முடியும் என்பதை 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் காட்டியது. இத்தகைய ஸ்கோப்பைப் பொது நெட்வொர்க்கில் இணைக்காமல், அதற்கென்று தனி பென் டிரைவ் ஒதுக்குவதே நல்லது.

அழிப்பதும் நிர்வாகத்தின் பகுதியே. ஃபேட் வடிவத்தில் கோப்பை நீக்குவது பட்டியலில் ஒரு குறியிடுவதோடு சரி. உள்ளடக்கம் நினைவகத்திலேயே கிடக்கும். ராணுவத் தொடர்புடைய ஆய்வகங்களுக்கு இது பெரிய கவலை. அதனால் டெக்ட்ரானிக்ஸ் 'டெக்செக்யூர்' என்றும், கீசைட் 'செக்யூர் இரேஸ்' என்றும் முழுத் துடைப்பு வசதியைக் கொடுக்கின்றன. பின்னது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொழில்துறைப் பாதுகாப்பு விதிநூலைப் பின்பற்றுவதாகக் கையேடு சொல்கிறது. எந்தச் சில்லில் எந்தத் தரவு, மின்சாரம் போனால் அது தங்குமா, எப்படி அழிப்பது என்று விளக்கும் தனி ஆவணத்தையும் தயாரிப்பாளர்கள் மாடல்வாரியாக வெளியிடுகிறார்கள். பழைய கருவியை விற்பதற்கோ பழுதுபார்க்க அனுப்புவதற்கோ முன் அந்த ஆவணத்தைத் தேடிப் படிப்பது அவசியம்.

சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரம், 2017 பதிப்பில், கருவிகளில் தற்செயலாக நேரும் மாற்றங்கள் முடிவுகளைக் கெடுக்காமல் தடுக்க நடைமுறைக்கு உகந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்கிறது. நம் நாட்டில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கு இது பொருந்தும். திருத்தும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்றைய கருவியில் அந்த 'தற்செயல்' நடப்பது மெனுவுக்குள். ஒவ்வொரு சோதனைக்கும் ஆய்வகமே தீர்மானித்த தொடக்க அமைப்புக் கோப்பு ஒன்று, கருவிக்கு வெளியே, யாரும் மேலெழுத முடியாத இடத்தில் இருக்க வேண்டும். நிரல் முதலில் ஆர்.எஸ்.டி. அனுப்பட்டும், அதன் பிறகு தேவையான ஒவ்வொரு மதிப்பையும், டீஃபால்ட் அதுவேதான் என்றாலும், வெளிப்படையாக அமைக்கட்டும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் டீஃபால்ட் மாறினாலும் அந்தச் சோதனை மாறாது. அளவு எடுத்து முடித்ததும் கருவியிடமே அதன் நிலையைக் கேட்டு, ஃபர்ம்வேர் எண்ணோடு, தரவுக் கோப்பின் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.

எந்த ரீசெட்டாலும் திருப்பித் தர முடியாத ஒன்று இருக்கிறது: பழைய கருவிகளின் காலிப்ரேஷன் நினைவகம். 1980-களின் தொடக்கத்து எச்.பி. 3478ஏ மல்டிமீட்டரில் அந்த எண்கள், பலகையில் பற்றவைத்த ஒரு லித்தியம் மின்கலத்தை நம்பியிருக்கும் ரேமில் உள்ளன. அதே பத்தாண்டின் இறுதியில் வந்த எட்டரை இலக்க 3458ஏ-யிலும் மின்கலத்தை உள்ளேயே அடைத்த டாலஸ் சில்லுகள். அத்தகைய சில்லுகள் மின்சாரம் இல்லாமல் தரவைக் காக்கும் காலம் 10 ஆண்டு என்றே குறிக்கப்பட்டது. மின்கலம் தீர்ந்தால் திரை எரியும், பொத்தான்கள் வேலை செய்யும், ரீசெட்டும் ஒழுங்காக நடக்கும். அளவு மட்டும் நம்பத் தகாததாகிவிடும். 3458ஏ-வை மீண்டும் அளவுத்திருத்தம் செய்ய 10 வோல்ட், 10 கிலோ ஓம் ஆகிய உயர்தர ஒப்பீடுகள் வேண்டும். அவை எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. கருவி உயிரோடு இருக்கும்போதே அந்த எண்களைப் படித்துக் கோப்பாக வைத்துக்கொள்ள முடியும், 3478ஏ-யில் ஜி.பி.ஐ.பி. (மேலே சொன்ன ஐ.இ.இ.இ. 488) இணைப்பு வழியாகவே படிக்கலாம். உங்கள் ஆய்வகத்தில் இந்தத் தலைமுறைக் கருவி ஏதாவது இருந்தால் அதன் மின்கலம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பதிவேட்டில் பாருங்கள். பதிவு இல்லையென்றால், அடுத்த அளவை எடுப்பதற்கு முன் காலிப்ரேஷன் நினைவகத்தைப் படித்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.